மீனாம்பாளின் வளையல்

மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னால் நல்லது மேடம். நாற்பது வருஷமாகக் காற்றில்லாத அறையில் உட்கார்ந்து பழகியவன் நான். பட்டறையில் விசிறி ஓடினால் அரத்திலிருந்து விழும் பொன்பொடி பறந்துவிடும், ஊதும் நெருப்பு ஒரு பக்கமாகச் சாயும். வேர்த்தால் துண்டால் துடைத்துக்கொள்வதுதான். வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டது. விசிறிச் சத்தத்தில் எனக்குக் கோர்வையாகப் பேச வராது.

டீ வேண்டாம். எனக்குச் சர்க்கரை இருக்கிறது. தண்ணீர் போதும்.

பெயர் சண்முகசுந்தரம். ஆனால் பத்தர் என்று கேட்டால்தான் ஆட்களுக்குத் தெரியும். வயது ஐம்பத்தெட்டு. குடியிருப்பு உறையூர், பட்டறை ஜாபர்ஷா தெருவுக்குப் பின்னால் இருக்கும் சந்தில், மாடியில். ஜீப்பை அனுப்பியிருக்க வேண்டியதில்லை. ஒரு வார்த்தை சொல்லியனுப்பியிருந்தால் நானே டவுன் பஸ்ஸில் வந்திருப்பேன். கீழே டீக்கடை வைத்திருக்கும் முகம்மது கனிதான் பாவம், பதறிப்போய்விட்டார். "பத்தரே, உங்களை எதுக்குக் கூப்பிடுறாங்க, ஆள் மாறிப்போச்சு போல, நானும் கூட வரேன்" என்று சட்டைகூடப் போடாமல் ஜீப் வரைக்கும் ஓடிவந்தார். ஆள் மாறவில்லை என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். கடையில் ஆட்கள் இருந்தார்கள், அதனால் சொல்லவில்லை.

நான் தோடு செய்வதில்லை, மோதிரம் செய்வதில்லை. தாலியும் அதற்கான கொடியும் மட்டும்தான். மற்ற நகை எல்லாம் இப்போது மெஷினில் வருகிறது. அழகாகத்தான் இருக்கிறது, வாங்கிப் போட்டுக்கொள்ளட்டும், எனக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. தாலியை அப்படி அலமாரியிலிருந்து எடுக்க மனசு வராது நம் ஆட்களுக்கு. நாள் பார்த்து, பத்தரை வீட்டுக்கு வரவழைத்து, எல்லார் கண்ணெதிரிலும் பொன்னை உருக்கச் சொல்வார்கள். அப்புறம் அதை ஒரு ஆள் உட்கார்ந்து கையால் அடிக்கவேண்டும். ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீட்டுக்கு நாமம் வைத்தது, செட்டியார் வீட்டுக்கு ஒரு மாதிரி, பாலக்கரை அற்புதசாமி வீட்டுக்குச் சிலுவை வைத்தது. கண்ணைக் கட்டிவிட்டு என் கையில் ஒரு தாலியைக் கொடுங்கள். எந்த வீட்டுத் தாலி என்று விரலாலேயே சொல்லிவிடுவேன்.

என்னைத் தேடி வருவதற்கு வேலை சுத்தம் மட்டும் காரணம் இல்லை. கைராசி. நான் செய்த தாலி ஏறிய கழுத்திலிருந்து இறங்கியதில்லை. தனியாகத் தாலி செய்ய ஆரம்பித்த இந்த முப்பத்தோரு வருஷத்தில் ஒரு பெண்ணும் தாலி அறுத்ததில்லை, ஒரு பெண்ணும் கழற்றி வீசியதில்லை. முதல் பத்து வருஷம் அது எனக்கே தெரியாது. ஒரு நாள் ஒரு அம்மாள்தான் சொன்னார், "உங்க கையால வாங்குன வீடெல்லாம் நல்லா இருக்குங்க" என்று. பட்டறையில் ஒவ்வொரு கல்யாணப் பத்திரிகையையும் கம்பியில் குத்தி மாட்டிவைப்பது வழக்கம். அன்றைக்கு எல்லாவற்றையும் இறக்கி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது நிஜம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியுமா, சொல்லுங்கள். நல்ல பெயரைக் கொடுத்த ஊருக்கு நாமும் ஏதாவது செய்யவேண்டும். எங்கேயாவது புருஷன் பெண்டாட்டி சண்டை என்று காதில் விழுந்தால் பஸ் ஏறிவிடுவேன். மணப்பாறையில் ஒருவன் குடித்துக் குடித்தே வீட்டைக் கெடுத்துக்கொண்டிருந்தான். வாரம் தவறாமல் போய் அவன் வாசலில் உட்கார்ந்தேன். மூன்று மாதத்தில் என் தொல்லை தாங்காமல் குடியை விட்டான். முகம்மது கனி கேலி பண்ணுவார், "பத்தரே, உங்க சரக்குக்கு எத்தனை வருஷம் வாரண்டி?" என்று. உயிர் இருக்கிற வரைக்கும் என்பேன். கடையே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

என் சம்சாரத்தைப் பற்றிக் கேட்பீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். ரெங்கம்மாள் மருங்காபுரியில் அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். பத்தொன்பது வருஷம் ஆகிறது. சண்டை ஒன்றும் இல்லை. "ஊரான் பொண்டாட்டி கழுத்தெல்லாம் உங்க பொறுப்பு, உங்க பொண்டாட்டி சோறு தின்னாளான்னு தெரியாது" என்று ஒரு நாள் சொன்னாள், பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். வாசலிலேயே நின்று முந்தானையை விலக்கிக் காட்டுவாள். "இது கழுத்துல கெடந்தா உங்களுக்குப் போதும்ல? கெடக்குது. போங்க." நான் செய்த தாலிதான். மெருகு கொஞ்சமும் குறையவில்லை. பார்த்ததும் மனசு நிறைந்து, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவேன்.

பொன்மலையில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த தர்மராஜையும் சொல்லவேண்டும். நாலு வருஷம் முன்பு சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பத்து நாள் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அவர் சம்சாரம் ஜோதி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்து அழுதாள். "பத்தரய்யா, உங்க தாலி பொய்க்காதுன்னு சொன்னாங்களே" என்றாள். அந்த வார்த்தை எனக்குச் சாப்பாட்டில் கல் மாதிரி இருந்தது. ரெண்டு நாள் கழித்துப் பழமும் ஃப்ளாஸ்க்கில் காபியும் எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். அன்று மத்தியானம் ஜோதி போய்விட்டாள். ராப்பகலாகக் கண் முழித்த அலுப்பில் மாரடைப்பு என்றார்கள். எட்டு நாள் கழித்துத் தர்மராஜ் போனார். ஊரே சொன்னது, என்ன புண்ணியம் செய்தாளோ, பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்தாள் என்று. அவள் காலைத் தொட்டுக் கும்பிட வந்த சுமங்கலிகள் கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும் மேடம்.

சரி, யமுனா விஷயத்துக்கு வருகிறேன். அதை யமுனாவின் அம்மாவிடமிருந்துதான் ஆரம்பிக்கவேண்டும்.

அவர் பெயர் மீனாம்பாள். லால்குடிக்காரர். இருபத்தாறு வயதில் புருஷனைப் பறிகொடுத்து, தையல் மிஷின் மிதித்து இந்த ஒரு பெண்ணை வளர்த்தவர். ஆறு வருஷம் முன்பு, பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமான கையோடு ஒரு மத்தியானம் தனியாகப் பட்டறைக்கு ஏறி வந்தார். மாப்பிள்ளை ஸ்ரீதர், தென்னூர்க்காரன், தனியார் கம்பெனியில் நல்ல வேலை. கொடியை மாப்பிள்ளை வீட்டார் போடுவது, தாலிக்குப் பொன் பெண் வீட்டார் தருவது என்று அவர்களுக்குள் பேச்சு. மீனாம்பாள் கையிலிருந்த ஒற்றை வளையலைக் கழற்றி என் முன்னால் வைத்தார். ரெண்டு கம்பியை முறுக்கிச் செய்த வளையல். லால்குடியில் யாரோ நிதானமான ஆள் செய்தது, முறுக்கில் ஒரு இடத்தில்கூடப் பிசிறு இல்லை.

"இதைத் தாலியாப் பண்ணிக் குடுத்துருங்க பத்தரே. என் கைல கெடந்ததுன்னு மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க. தெரிஞ்சா வேண்டாம்னுருவாங்க" என்றார்.

தாலி அறுத்தவர் கைப்பொன் தாலிக்கு ஆகாது. எந்தப் பத்தரும் தொடமாட்டார். மாற்றிவிட்டு வேறு பொன் கொண்டுவரச் சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை. "எம்பொண்ணு கழுத்துல நான் இருக்கணும் பத்தரே. வேற எப்படி நான் மணவறைக்குப் பக்கத்துல போக முடியும்" என்றார். எனக்கு மனசு இளகிவிட்டது. இன்னொன்றும் சொல்கிறேன், அதையும் மறைக்கவில்லை. என் கை பட்டால் எந்தப் பொன்னும் சுத்தமாகிவிடும் என்று நான் அன்றைக்கு நம்பினேன். வளையலை எடுத்துக்கொண்டேன்.

நல்ல நாளில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் குமுட்டி அடுப்பை வைத்து, ஊதுகுழலால் ஊதி, பொன்னை உருக்கினேன். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சுற்றி நின்று மஞ்சள் தூவினார்கள். உருகி ஆறிய பொன்னைத் தாம்பாளத்தில் வைத்து ஒவ்வொரு சுமங்கலியிடமும் காட்டினார்கள், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மீனாம்பாள் சமையல்கட்டு நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்றார். அவர் வளையல் கூடத்தில் வலம் வந்தது, அவர் வரவில்லை. என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். கல்யாணம் முடிந்து ரெண்டாவது வருஷம் அவர் காலமானார்.

இந்த வைகாசியில் யமுனா வந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. மெலிந்து, துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாள்.

"ஐயா, தாலியை உருக்கித் தரணும்" என்றாள்.

"ஏன்மா, கொடி அறுந்துபோச்சா?"

துப்பட்டாவை எடுத்தாள். கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு ஓடியது. "அறுந்திருந்தா தப்பிச்சிருப்பேன்யா. அறுகல. அதைப் புடிச்சுத்தான் ஹாலுலேருந்து சமையல்கட்டு வரைக்கும் இழுத்துட்டுப் போனாரு."

கொடியை வாங்கிப் பார்த்தேன். ஒரு வளையம்கூட நெகிழவில்லை, நான் பற்றவைத்த இடம் ஒன்றுகூட விடவில்லை. அந்த ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு அவளைப் பார்த்துப் பரிதாபமும் வந்தது. "நான் வந்து பேசறேன், நீ இப்போ வீட்டுக்குப் போயிட்டு வா" என்று அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை தென்னூருக்குப் போனேன். ஸ்ரீதர் நல்ல மரியாதை தெரிந்த பையன். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். "பத்தர் சார், குடும்பம்னா முன்னப்பின்ன இருக்கும். இனிமே கை வைக்க மாட்டேன், போதுமா" என்றான். நம்பினேன். நம்பினால்தானே மேற்கொண்டு காரியம் நடக்கும். யமுனா சமையல்கட்டில் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள், வெளியே வரவில்லை.

ஆனி மாதக் கடைசியில் மறுபடி வந்தாள். இந்தத் தடவை அவள் கழுத்தில் ஒன்றும் இல்லை. வலது கையில் ரெண்டு விரலைச் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தாள். பையிலிருந்து ஒரு மருந்துக்கடைக் கவரை எடுத்துக் கவிழ்த்தாள். என் தாலி மேஜையில் விழுந்து உருண்டது. முப்பத்தோரு வருஷத்தில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை மேடம்.

"கொடியை அங்கேயே கழட்டி வச்சுட்டேன். அது அவங்க வீட்டுப் பொன். இது எங்க அம்மா வளையல். சாகறதுக்கு முன்னாடி அம்மா சொன்னாங்க. நீங்கதான் தாலியாக்குனீங்க. திரும்ப வளையலாக்கிக் குடுங்க."

அவளுக்கு எடுத்துச் சொன்னேன். மங்கலப் பொருள்மா, ஒருமுறை கழுத்தில் ஏறினதை உருக்கக்கூடாது, உங்கம்மா கையில் இருந்ததே ஒரு குறை, இப்போது இதையும் செய்தால் உனக்கு ஆகாது என்றேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பிறகு மெதுவாகப் பேசினாள்.

"அப்பா போனப்புறம் பதினோரு வருஷம் மிஷின் மிதிச்சு எங்கம்மா வாங்குனதுய்யா அது. யாரும் போட்டது இல்ல, யாரும் கழட்டச் சொல்ல முடியாதது. எங்க வீட்டுல இருந்ததுலயே மங்கலமான பொருள் அது ஒண்ணுதான்."

பதில் சொல்ல முடியாத பேச்சைப் பேசுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். அன்றைக்கும் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. ஆடி கழியட்டும், செய்து தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஆடி மாதத்தில் எனக்கு வேலை கிடையாது. தனியாகப் பட்டறையில் உட்கார்ந்திருப்பேன். பெட்டிக்குள் அந்தத் தாலி. ரெண்டு தடவை குமுட்டியைப் பற்றவைத்து, தாலியைப் பொன் உருக்கும் மூசையில் போடப் போய், கை வராமல் எடுத்துவிட்டேன். உருகினால் ஒரு கம்பி வளையல் ஆகும், அவ்வளவுதான். ஆனால் என்னுடைய முப்பத்தோரு வருஷமும் அதோடு சேர்ந்து உருகிவிடும். யமுனாவோ வாரம் ஒருமுறை போன் பண்ணுவாள். ஸ்ரீரங்கத்தில் மூலத்தோப்புப் பக்கம் ஒரு அறை எடுத்துத் தங்கி, பல் டாக்டர் கிளினிக் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். குரலே மாறியிருந்தது. "ஐயா, முறுக்குக்கம்பிதான் வேணும், அம்மா போட்டிருந்த மாதிரியே" என்பாள், ஏதோ தலைதீபாவளிக்கு நகை சொல்கிற மாதிரி. கிளினிக்குக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஆடி முடிகிற சமயத்தில் உத்தர வீதியிலிருந்து மைதிலி என்கிற பெண்ணின் தகப்பனார் வந்தார். கோயில் கைங்கர்யக்காரர். ஆவணியில் கல்யாணம், திருமாங்கல்யத்துக்கு என்னிடம் முன்பே சொல்லிவைத்திருந்தார். அன்று உட்காரக்கூட இல்லை.

"பத்தரே, மனசுல ஒண்ணு வெச்சுண்டு வெளியில ஒண்ணு பேசத் தெரியாது நேக்கு. உம்ம கையால பண்ணின மாங்கல்யம் ஒண்ணு கழண்டு வந்துடுத்தாமே. அதை நீரே வளையலாப் பண்ணித் தரேள்னு பேச்சு அடிபடறது. ஆத்துல பயப்படறா. பெருமாள் திருவுள்ளம் எப்படியோ, நாங்க வேற எடத்துல பாத்துக்கறோம்."

"யார் சொன்னா சாமி உங்களுக்கு? அந்தப் பொண்ணு புருஷனோடதான் இருக்கப்போறா. இன்னும் பத்து நாள்ல நீங்களே கேள்விப்படுவீங்க" என்றேன்.

அப்படிச் சொன்னபோது என் மனசில் ஒரு திட்டமும் இல்லை. இதை அழுத்தமாக எழுதிக்கொள்ளுங்கள். அவளிடம் பேசிப் பார்க்கலாம் என்ற எண்ணம் மட்டும்தான் இருந்தது.

ஆவணி பிறந்த முதல் வியாழக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அறைக்கு வருவாள் என்று தெரியும். வளையலுக்குக் கை அளவு எடுக்கவேண்டும் என்று போனில் சொல்லியிருந்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு முழம் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினேன். பாலத்தில் போகும்போது பார்த்தேன், காவிரியில் ரெண்டு கரையும் தொட்டுக்கொண்டு தண்ணீர். என் பையில் தாலி இருந்தது, கழுவி மஞ்சள் பூசியிருந்தேன். மஞ்சளில் நனைத்துக் காயவைத்த கயிறு ஒன்று, குங்குமச் சிமிழ், பட்டறையில் பொன்னுக்கு அழுக்கெடுக்கிற மருந்து கொஞ்சம். அது இன்னதென்று உங்கள் ரிப்போர்ட்டில் வந்திருக்கும். பேசிப் பார்க்கத்தான் போனேன் என்று சொன்னேன் அல்லவா, அது நிஜம்தான்.

அவள் சந்தோஷமாக வரவேற்றாள். இருந்த ஒரே நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு ரெண்டு டம்ளரில் காபி கொண்டுவந்தாள். சர்க்கரை போடாமல் தனியாக எனக்கு. ஞாபகம் வைத்திருந்தாள். நான் நூலால் அவள் மணிக்கட்டை அளந்தேன். எலும்பு தெரிந்தது. விரல்கட்டைப் பிரித்துவிட்டிருந்தாள், நடுவிரல் கொஞ்சம் கோணலாகக் கூடியிருந்தது. கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"யமுனா, ஸ்ரீதர் மனசு மாறிட்டான்மா. ஒரு தடவை போய்ப் பாரேன்."

"ஐயா, நீங்க நல்லவங்க. அதனால உங்களுக்குப் புரியாது" என்றாள். "இருங்க, அம்மா போட்டோ காட்டுறேன். வளையல் நல்லாத் தெரியும். அதைப் பாத்து அப்படியே செஞ்சிருங்க." எழுந்து உள்ளே போனாள்.

அவள் டம்ளர் என் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது. என் கை நடுங்கவில்லை. ஜோதிக்கு ஃப்ளாஸ்க்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தபோது நடுங்கியது.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள் மேடம். பொன்மலை விஷயத்தை அப்புறம் எழுதிக்கொள்ளலாம். இது முதலில் முடியட்டும்.

போட்டோவைக் கொண்டுவந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தையல் மிஷினுக்கு முன்னால் மீனாம்பாள், துணியைத் தள்ளும் கையில் அந்த வளையல். யமுனா காபியைக் குடித்துக்கொண்டே விரல் வைத்துக் காட்டினாள். "இங்க பாருங்க, பூட்டுக்கிட்ட குட்டியா ஒரு பூ இருக்கு. அதுல ஒரு இதழ் கிடையாது. அதையும் அப்படியே விட்டுருங்க. புதுசா இதழ் வைக்காதீங்க." சரிம்மா என்றேன். டம்ளரைக் கீழே வைத்தாள். காபி ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசியது எதுவும் தெளிவாக இல்லை.

அதிக நேரம் ஆகவில்லை. நான் அவளை விட்டு நகரவில்லை. தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். பெற்ற மகளாக இருந்தால் என்ன செய்வேனோ அதைத்தான் செய்தேன். தலையில் பூவை வைத்தேன், நெற்றியிலும் வகிட்டிலும் குங்குமம் வைத்தேன். புருஷன் உயிரோடு இருக்க, மஞ்சளும் குங்குமமுமாகப் போய்ச் சேர எத்தனை பெண்கள் நோன்பு இருக்கிறார்கள். அவள் கேட்காமலே அது அவளுக்குக் கிடைத்தது. இதில் எனக்கு என்ன லாபம் சொல்லுங்கள்? நேற்று மைதிலியின் தகப்பனார் போன் பண்ணி, விஷயம் கேள்விப்பட்டேன், திருமாங்கல்யத்துக்கு நாள் குறிக்கட்டுமா என்று கேட்டார். அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சரி என்று மட்டும் சொன்னேன்.

தப்பு என்று ஒன்றை எழுதியே ஆகவேண்டும் என்றால், ஆறு வருஷம் முன்பு செய்ததை எழுதுங்கள். தாலி அறுத்தவர் கைவளையல் என்று தெரிந்தே நெருப்பில் வைத்தேன். அந்த ஒரு நாள் மனசு இளகியதால் வந்த வினை இவ்வளவும். அதற்கு எந்தத் தண்டனை என்றாலும் சரி, நான் மறுக்கப்போவதில்லை.

கயிற்றைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஸ்ரீதர் உங்களிடம் சொன்னது சரிதான். யமுனா தாலியைக் கழற்றி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, அவன் மறுபடி கட்டவில்லை. அவன்மேல் சந்தேகப்பட வேண்டாம், விட்டுவிடுங்கள். நீங்கள் அவள் கழுத்தில் பார்த்த மஞ்சள் கயிறு நான் கொண்டுபோனது. முதல் முடிச்சு மாப்பிள்ளை போடவேண்டியது, அடுத்த ரெண்டும் நாத்தனார் போடவேண்டியவை. அந்த அறையில் அவளும் நானும்தான் இருந்தோம். மூன்றையும் நானே போட்டேன். போட்டு முடித்தபோது அவள் கை மேலே வந்து தாலியைப் பிடித்தது. கண்ணில் ஒற்றிக்கொள்ளத்தான் இருக்கும். இழுக்கிற மாதிரி இருந்ததால் நான் அந்தக் கையை எடுத்துக் கீழே வைத்து, அசையாமல் பிடித்துக்கொண்டேன்.

ஆமாம் மேடம், அப்போது உயிர் இருந்தது. பிணத்துக்கு யாராவது தாலி கட்டுவார்களா?